சனிக்கிழமைத் தப்புகள்

பெரியகுளம்
18-08-2025

அன்புள்ள தனசேகரன் மாமாவுக்கு,

வீரமணி எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்திருக்கிறீர்கள். இங்கே இன்னொருவர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் கவரைக் கிழிக்கும் வரையாவது கையில் இருக்கும் என்று எழுதுகிறேன்.

இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது. அதே வயரிங் வகுப்புதான். பத்தாவது ஃபெயிலானவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், வாழைத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று இருபத்திரண்டு பேர். செஞ்சியில் இரண்டு வருஷம் பிரவீணா அக்காவுக்கு உதவி ஆசிரியராக இருந்து கற்றதைத்தான் செய்கிறேன். சனிக்கிழமை வகுப்பும் நடத்துகிறேன்.

அக்கா காரியத்தன்று நான் செய்தது தப்பு. பதினாறாம் நாள், வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, உங்களிடம் வந்து "அந்த நோட்டு வேணும்"னு கேட்டிருக்கக் கூடாது. வகுப்பு நின்றுபோய்க் கிடந்தது, பிள்ளைகள் தினம் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்தப் பதற்றத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் எல்லார் எதிரிலும் "இனிமே இந்தப் பக்கம் வராத"ன்னு சொன்னதும் அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மறுபடியும் அதே நோட்டைத்தான் கேட்கிறேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி மதுரையில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. புதுமையான கற்பித்தல் முறைகள் என்று தலைப்பு. எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அக்கா பெயரைச் சொல்லித்தான் பேசுவேன். நோட்டு இல்லாமல் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நோட்டைத் தர மனமில்லையென்றால் ஜெராக்ஸ் போதும்.

சாப்பிடுகிறீர்களா? ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். நானும் கேட்கிறேன்.

வீரமணி


செஞ்சி
27-08-2025

வீரமணிக்கு,

கவரில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு நோட்டு முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா என்று எழுதாதே. பிரவீணாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. சார் என்று எழுது. அதுவும் வேண்டாமென்றால் ஒன்றும் எழுதாதே.

வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். கல்லூரி முதல்வர் கோதண்டராமன் சார் கடைக்கே வந்து கேட்டார். "உங்க சம்சாரம் ஆரம்பிச்ச கிளாஸு. டிப்ளமா படிச்சவரு, லிஃப்ட் கம்பெனியில வேலை பாத்தவரு, உங்கள விட யாரு இருக்கா?" என்றார். காலையில் நைனாவோடு எங்கள் எலக்ட்ரிக் கடையில் உட்காருகிறேன், மதியம் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு நன்றாகப் போகிறது. நீ கவலைப்பட வேண்டாம்.

நோட்டைத் தர மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அது அவளுடைய பாட நோட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம்தான் திறந்தேன். உள்ளே அவள் கையெழுத்தே இல்லை. எல்லாம் உன்னுடையது. மார்ச் எட்டு என்று ஒரு பக்கம். "மேடம் 1: பல்பு போயிடுச்சு. தப்பு. 2: ஹோல்டர் பின் உள்ள போயிடுச்சு. தப்பு. 3: ஐயையோ, நான் சுவிட்சே போடலை." அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று எழுதியிருக்கிறாய்.

எழுபத்து மூன்று சனிக்கிழமை. அதில் நாற்பத்தோரு இடத்தில் "சிரிப்பு" என்று இருக்கிறது. எண்ணினேன்.

அவள் என்னோடு அவ்வளவு சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கலாம். யாரும் எழுதி வைக்கவில்லை.

நீ வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு தடவைதான் உள்ளே வந்தாய். அம்மா எனக்கும் அவளுக்கும் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு உனக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்தாள். பிரவீணா எழுந்து போய் இன்னொரு பேப்பர் கப்பை எடுத்து, தன் காபியை அதில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீங்கள் இரண்டு பேரும் பேப்பர் கப். நான் ஒருவன் மட்டும் டம்ளர். என் வீட்டில், என் பெண்டாட்டி பக்கத்தில், நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. ஜூன் பதினான்கு சனிக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா அது?" என்று கேட்டேன். சட்டென்று மூடிவிட்டாள். "ஒண்ணுமில்ல, கிளாஸ் வேலை" என்றாள். மறுநாள் காய்ச்சல் ஆரம்பித்தது. வியாழக்கிழமை அவள் இல்லை. நல்லபடியாக அவள் என்னோடு பேசிய கடைசி சாயங்காலத்தில் உன் கையெழுத்தை என்னிடமிருந்து மூடி வைத்துக்கொண்டாள்.

இந்த நோட்டைத்தான் நீ ஜெராக்ஸ் கேட்கிறாய்.

தனசேகரன்


பெரியகுளம்
05-09-2025

சாருக்கு,

வகுப்பு நன்றாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த அன்றே லட்சுமியம்மாள் போன் பண்ணிவிட்டார்கள். வல்லத்திலிருந்து வருவார்களே, நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்து அதை விட்டுவிட்டு வயரிங் படிக்க வந்தவர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யப்பா வீரமணி, புது சாரு கெட்டிக்காரருதான்பா, இல்லன்னு சொல்லல. போர்டு கிட்ட வந்தாரு, டெஸ்டர வெச்சாரு, 'இது'ன்னாரு, முடிஞ்சிபோச்சி. நாங்க பைய வெச்சிட்டு நிமிர்றதுக்குள்ள கிளாஸே முடிஞ்சிருது. பத்தொம்பது பேரு இருந்தமா? இப்போ பதிமூணு. தைலம்மாளும் நின்னுட்டா. பேசாம வேர்க்கடல பறிக்கவே போறேன்னுட்டா."

செப்டம்பர் முப்பதாம் தேதி மாவட்டத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று கோதண்டராமன் சார் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். எனக்குத்தான் நீங்கள் எழுதவில்லை.

என்மேல் கோபம் இருக்கட்டும். சனிக்கிழமை என்றால் என்ன என்று இப்போதாவது கேளுங்கள்.

அக்காவும் முதல் மாதம் உங்களைப் போலத்தான் நடத்தினார்கள். புத்தகத்தைப் பார்த்து போர்டில் படம் போட்டு, ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று. ஒருவர் கண்ணிலும் உயிர் இல்லை. ஒருநாள் அக்கா தானே ஃபேன் கனெக்ஷன் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்கள். ஃபேன் சுற்றவில்லை. அத்தனை பேர் எதிரில். அக்காவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "இருங்க, நான் இன்னா பண்ணேன்னு நானே பாக்கறேன்"னு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேட ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மொத்த வகுப்பும் எழுந்து போர்டைச் சுற்றி நின்றது. "மேடம், அங்க இல்ல மேடம், ரெகுலேட்டர பாரு மேடம்"னு ஒரே கூச்சல். குரங்கு வந்துவிட்டது என்று பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் சனிக்கிழமை வகுப்பு. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் போர்டில் ஒரு தப்பை ஒளித்து வைப்பார்கள். ஆசிரியர் அதைத் தேட வேண்டும். மனசுக்குள் தேடக் கூடாது. என்ன நினைக்கிறோமோ அதை அப்படியே சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அதையும் ஒருவர் எழுதுவார். யாரும் விடை சொல்லக் கூடாது. கிடைக்காவிட்டால் ஆசிரியர் 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் பாடம் சொல்லும்போது அவர்களுக்கு ஏற்கெனவே நிறைய வெட்கம் இருக்கிறது, அதில் பாதியை நாம் வாங்கிக்கொண்டால்தான் அவர்கள் கை நீளும் என்று அக்கா சொல்வார்கள். எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அவ்வளவுதான் அந்த நோட்டு. "சிரிப்பு" என்று எழுதியிருப்பது அக்கா சிரித்தது இல்லை. வகுப்பு சிரித்தது.

நோட்டை மூடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் கையெழுத்தை மூடவில்லை சார். விடை கிடைக்காத கணக்கை மூடினார்கள். அன்றைக்குப் பதினான்கு தடவை முயன்றும் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கிறேன், திங்கக்கெழம சொல்றேன்"னு எடுத்துப் போனார்கள். நீங்கள் பார்த்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவீர்கள். அக்காவுக்குத் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுக்கு மட்டும்தான் பொறாமையா? எனக்கு எவ்வளவு இருந்தது தெரியுமா? சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து ஐ.டி.ஐ. முடித்தவன் நான். வகுப்பில் என்ன சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்காமல் "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்"னுதான் அக்கா வாயில் முதலில் வரும். பக்கத்தில் நிற்கிற எனக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

பேப்பர் கப்பை நானும் மறக்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்களா இல்லையா என்று இவ்வளவு நாள் எனக்குச் சந்தேகம் இருந்தது. பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு உங்களுக்குத் தனியாக உட்கார்ந்த வருத்தம்தான் வந்திருக்கிறது.

வகுப்பை நான் போனில் எடுத்த பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

வீரமணி


செஞ்சி
15-09-2025

வீரமணிக்கு,

வகுப்பைப் பற்றிப் பொய் எழுதினேன். இப்போது பதினொரு பேர்.

உன் கடிதம் வந்த பிறகு சனிக்கிழமை நடத்திப் பார்த்தேன். யுவஸ்ரீ என்று ஒரு பெண் இருக்கிறாளே, பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மகள், அவளும் இன்னும் இரண்டு பேரும் காலிங் பெல் வயரை மாற்றிக் கொடுத்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாயில் வார்த்தை வரவில்லை. கை தானாகப் போய் சரிபண்ணிவிட்டது. மணி அடித்தது. லட்சுமியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், நீ கண்டுபுடிச்சிட்ட. சரி. நாங்க இன்னா கண்டுபுடிச்சோம்?" என்றார்கள். "டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். டீ குடிக்கப் போனதில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. கடையில் ஒருவர் ஒயர் கேட்டால் மீட்டர் அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்ன அந்தஸ்து என்று பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள், வெளியூர்க் கார்களாக வருகிறது, ஊரே சந்தோஷமாக இருக்கிறது. நான் அந்த பேனரில் சீரியல் லைட் மாட்டிக் கொடுத்தேன். எரிந்தது. வந்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் உறைக்கிறது, அதுதான் இந்தப் பொறாமை. அது விட்டுப்போனால் அவளும் மொத்தமாகப் போய்விடுவாள் என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

"சிரிப்பு" அவளுடையது இல்லை என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. அவள் தப்புகள் அவளுடையதுதானே? அதுதான் எனக்கு எரிகிறது. நோட்டில் அவள் பண்ணிய தப்புகளை எண்ணினால் ஐநூறு வருகிறது. என்னிடம் ஏழு வருஷத்தில் அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை.

இல்லை. ஒன்று பண்ணினாள். கல்யாணமான புதிதில் நான்தான் அவளுக்கு வயரிங் கற்றுக்கொடுத்தேன். ஒருநாள் கிச்சன் பிளக்கில் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டாள். ஃபியூஸ் போய் வீடே இருட்டு. நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? உக்காந்து பாரு போதும்." அதற்கப்புறம் என் எதிரில் அவள் டெஸ்டரைத் தொடவே இல்லை. இங்கே சமுதாயக் கல்லூரியில் வயரிங் சொல்லித்தரப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன்.

அதனால்தான் ஐநூறு தப்பையும் உன் எதிரில் பண்ணினாள். என்னிடம் பயந்தாள். உன்னிடம் பயமில்லை. இதை எந்தப் பயிற்சியில் சொல்வாய்?

கப்பை நான் பார்த்தேன். நீ எழுதியது சரி. அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை.

பதிவுகளை அனுப்பு. எல்லாவற்றையும் அனுப்பு. அனுப்பிவிட்டு உன்னிடம் இருப்பதை அழித்துவிடு. அவள் குரல் உன் போனில் இருக்க வேண்டாம்.

தனசேகரன்


பெரியகுளம்
21-09-2025

மாமாவுக்கு,

சார் என்று எழுதினால் கை ஓடவில்லை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள்.

கூரியரில் பென் டிரைவ் வைத்திருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் இருப்பதை அழிக்க மாட்டேன். கோபப்படுங்கள். அந்தக் குரலை வைத்துத்தான் நானும் இங்கே எழுந்து வகுப்புக்குப் போகிறேன். எனக்கும் அக்காதான் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 'முதல் நாள்' என்று ஒரு பதிவு இருக்கிறது, பதினொரு நிமிஷம். அதை முதலில் கேளுங்கள். அது நான் எடுத்தது இல்லை. அக்கா எடுத்தது.

ஃபேன் சுற்றாத அந்த நாளுக்கு அப்புறம், புதுப் பிள்ளைகள் சேர்ந்து வகுப்பு தொடங்குகிற ஒவ்வொரு முதல் நாளும் அக்கா பாடம் எடுக்க மாட்டார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு இதை ஓடவிடுவார்கள். ஒரு ஆள் கிரைண்டர் ரிப்பேர் பண்ணுகிற சத்தம். அந்த ஆள் கரண்டோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறார். "வந்துட்டியா, இதுவரைக்கும் வந்துட்ட. இங்கேர்ந்து எங்க போன? சுவிட்சுல நிக்கறியா? இல்ல. கெப்பாசிட்டர்ல? சே, அங்கயும் இல்ல. நான்தான் முட்டாளு, நீ போயிட்ட எடத்துல தேடிக்கினு இருக்கேன். எங்கடா ஒளிஞ்சிருக்க?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முடிந்ததும் அக்கா சொல்வார்கள். "இவரு எனக்குத் தெரிஞ்சதுலயே நல்ல எலக்ட்ரீசியன். எத்தினி தப்பு பண்ணாருன்னு எண்ணிக்கினீங்களா? பதினாறு. ஆனா இவரு ஒரு தப்பு பண்றத ஒரு ஆளுகூட பாத்தது கெடையாது. தனியா இருந்தாத்தான் வாயத் தொறப்பாரு. நாம அப்படி இல்ல. நாம எல்லாரும் பாக்க பண்ணப்போறோம்."

அந்த ஆள் நீங்கள்தான் மாமா. கிச்சன் கதவுக்குப் பின்னால் நின்று எடுத்தேன் என்று அக்கா சொன்னார்கள்.

ஃபேன் சுற்றாத அன்றைக்கு அக்கா வாய்விட்டுத் தேடினார்களே, அது உங்களைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். நான் அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. சனிக்கிழமை வகுப்பு அக்காவும் நானும் சேர்ந்து உண்டாக்கியது என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். மதுரையில் பேசுவதற்கு எழுதி வைத்ததில்கூட உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அது என் பொறாமை.

லட்சுமியம்மாள் ஒருவேளை உங்களைப் பார்த்து வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும் அந்தக் குரல் யாருடையது என்று. எல்லாருக்கும் தெரியும். நீங்கள் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து பேசியபோதே கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்த ஆள் எப்போது பேசுவார் என்று இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்கள்.

ஜூன் பதினான்காம் தேதி போர்டை நான் துணி போட்டு மூடி, அறை மூலையில் வைத்துவிட்டு வந்தேன். லட்சுமியம்மாள் வைத்த தப்பு அப்படியே உள்ளே இருக்கிறது. என்ன என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பதுதான் சட்டம்.

வருகிற சனிக்கிழமை அதை எடுங்கள். முப்பதாம் தேதிக்கு முன்னால் உங்களுக்கு இருப்பது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

வீரமணி


செஞ்சி
01-10-2025

வீரமணிக்கு,

இன்று ஆயுத பூஜை. வீட்டில் இந்த வருஷம் ஒன்றும் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் போர்டுக்குப் பொட்டு வைத்து, டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொரி கடலை கொடுத்தார்கள். தபால் ஆபீஸ் நாளை மறுநாள்தான் திறக்கும். அதுவரை பொறுமையாக எழுதலாம்.

பென் டிரைவ் வந்த அன்று கடையில் வைத்தே கேட்டேன். நைனா பில் போட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தக் கிரைண்டரை ரிப்பேர் பண்ணியது ஞாபகமே இல்லை. அப்படி நான் பேசுவேன் என்றும் எனக்குத் தெரியாது. "உன் குரலாடா?" என்று நைனா நிமிர்ந்து பார்த்தார். பதினோராவது நிமிஷத்தில், கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும், போனுக்கு ரொம்பப் பக்கத்தில் அவள் சிரிக்கிறாள். அதை யாரும் அடைப்புக்குறிக்குள் எழுதவில்லை. உடனே நான் "யாரு அது?" என்று கத்துகிறேன். பதிவு நின்றுவிடுகிறது. இருபது தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது இந்தத் தடவையாவது கத்தாதே என்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் கத்துகிறேன்.

பதினொரு நிமிஷம் ஒரு ஆளை அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். உன்மேல் இருந்த பொறாமையெல்லாம் அந்த ஆள்மேல் திரும்பிவிட்டது. அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மூலையில் இருந்த போர்டை எடுத்துத் துணியை உருவினேன். லட்சுமியம்மாள் எழுந்து நின்றுவிட்டார்கள். "சார், அது வேணாம் சார். நான் வேற ஒண்ணு வெச்சித் தரேன்" என்றார்கள். "இதுதான்" என்றேன். நோட்டை யுவஸ்ரீ கையில் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் பதினான்குக்குக் கீழே பதினைந்து என்று போட்டு எழுதச் சொன்னேன்.

மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தேன். ஹோல்டரில் இரண்டு பக்கமும் டெஸ்டர் எரிந்தது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது, நியூட்ரல் வயர் வழியாகக் கரண்ட் திரும்பிப் போகவில்லை, எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. நோட்டில் பிரவீணாவின் ஏழாவது இதுதான். "ரெண்டு பக்கமும் கரண்ட் வருது, இது எப்படி?" அவள் அங்கே நின்றுவிட்டாள். எனக்கு அது தெரியும் என்ற திமிரோடு கை நியூட்ரல் பக்கம் போனது.

"சார், வாயத் தொற" என்றார்கள் லட்சுமியம்மாள்.

திறந்தேன். பதினொரு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தப் பதிவில் கேட்டதையே சொன்னேன். "வந்துட்டியா?" அவ்வளவுதான். யுவஸ்ரீ கையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ "டேய், அவருதாண்டா!" என்றார்கள். அப்புறம் வந்தது. "பல்பு வரைக்கும் வந்துட்ட. திரும்பிப் போற வழியிலதான் எங்கயோ நிக்கற. நியூட்ரல் லிங்க்குல லூசா இருக்கியா?" ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. தப்பு, பதினைந்து. ஹோல்டர் ஸ்க்ரூ. தப்பு, பதினாறு. ஜாயிண்டைப் பிரித்துப் பார்த்தேன். தப்பு. வயர் முனையைச் சுரண்டினேன். தப்பு. இருபத்தொன்று வரை போனது. வயர் எல்லாம் முழுசாக இருக்கிறது, ஸ்க்ரூ எல்லாம் இறுகியிருக்கிறது, கரண்ட் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பல்பு போர்டு முன்னால் அப்படி நின்றதில்லை. மின்சாரத்தைப் பற்றி "எனக்குத் தெரியல" என்று வாய்விட்டுச் சொன்னதும் அன்றைக்குத்தான். சொன்னதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று நினைக்கிறேன். ஜூனுக்கு அப்புறம் முதல் தடவை.

லட்சுமியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். "மேடத்துக்கே சொல்லல. உனக்குச் சொல்லிடுவனா? திங்கக்கெழம வா" என்றார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் சிங்கவரம், வல்லம் பஸ்ஸில் எல்லாம் செய்தி போய்விட்டது. டிப்ளமா சாரு லட்சுமியம்மாள் வைத்த தப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்று. திங்கட்கிழமை போனால் அறைக்குள் பதினேழு பேர். தைலம்மாள் வந்திருந்தார்கள். "கடல பறிச்சி முடிச்சிட்டியா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அது எங்க போவுது, சாரு முழிக்கறத இன்னிக்கி உட்டா பாக்க முடியுமா?" என்றார்கள்.

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். மெயின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரல் வயரை ஹோல்டரிலிருந்து ஆரம்பித்து மேல் தோலோடு விரலால் தடவிக்கொண்டே போனேன். பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று யுவஸ்ரீ எழுதியிருக்கிறாள், நான் படிக்கவில்லை. பாதி வழியில் ஒரு இடத்தில் அழுத்தியதும் அறையே "ஏய்!" என்றது. கண்ணைத் திறந்தேன். பல்பு விட்டுவிட்டு எரிந்தது. மேலே தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. லட்சுமியம்மாள் அந்த ஒரு இடத்தை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உள்ளே மட்டும் அறுத்திருக்கிறார்கள். "வூட்ல அயர்ன் பாக்ஸ் ஒயரு இப்படித்தான் சார் போவும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார்கள். இருபத்திரண்டு, சரி.

அந்த வயரை மாற்றவில்லை. மெயினை நிறுத்திவிட்டு லட்சுமியம்மாள் கையில் பிளேயரைக் கொடுத்து, பிள்ளைகளையே வெட்டி இணைக்கச் சொன்னேன். நான் உட்கார்ந்து பார்த்தேன். 'உக்காந்து பாரு போதும்' என்று அவளிடம் சொன்னவன் நான்.

நேற்று பார்வையிட வந்தவர்கள் தலையை எண்ணினார்கள். பதினாறு பேர். பல்பு எரிந்துகொண்டிருந்தது. வகுப்பு டிசம்பர் வரை நடக்கும், அடுத்த வருஷம் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். மதுரைக்கு முன்னால் வந்துவிடும். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன். அதில் பதினான்கு வரை அவள், பதினைந்திலிருந்து நான், ஒரே பக்கத்தில். அதை உனக்கும் தர மாட்டேன், யாருக்கும் தர மாட்டேன். பொறாமை இன்னும் இருக்கிறது, போய்விட்டது என்று நினைக்காதே. பேசும்போது கிரைண்டர்காரனைப் பற்றி ஒரு வரி சொல். பெயர் வேண்டாம். பதினாறு தப்பு பண்ணினான் என்பதைச் சொல்.

அந்தப் பக்கம் வேண்டுமென்றால் போட்டோ எடுத்து போனில் அனுப்புகிறேன். உன் நம்பரை இன்று காலையில் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வருவாய் இல்லையா, வீட்டுக்கு வா. அலமாரியில் இருந்த பேப்பர் கப் கட்டை நேற்று நான் எடுத்து வெளியே போட்டுவிட்டேன். "வர்றவங்களுக்கு எதுல குடுக்கறது?" என்று அம்மா கேட்டாள். பிரவீணா டம்ளரில் கொடு என்று சொன்னேன்.

மாமா